பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி: அட்டைப்பெட்டியில் உள்ள வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்

என் அக்கா மகள் அரூரிலிருந்து தினமும் சேலத்துக்கு பஸ்ஸில் போய்வந்து கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் இருப்பது, அவளுடைய அண்ணனுக்கு மேல்நிலைப் பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி. சென்ற மாதம் தருமபுரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அதை மேசைமேல் வைத்து, “மாமா, இது திறப்பதற்குள் வகுப்பே தொடங்கிவிடுகிறது. புதிது வாங்கித் தரும்படி அம்மாவிடம் கேட்க மனம் வரவில்லை” என்றாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். வேலை செய்யும் நிலைக்கு வர நான்கு நிமிடம் ஆனது. உலாவியைத் திறக்க மேலும் ஒன்றரை நிமிடம்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த அந்தக் கணினிகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்னும் பல வீடுகளின் பீரோவுக்குள் இருக்கின்றன. ‘கெட்டுப்போய்விட்டது’ என்று ஒதுக்கப்பட்டவற்றை நான் திறந்து பார்த்த அளவில், பாதிக்கு மேல் கெட்டுப்போகவில்லை. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான் மற்ற எல்லா உறுப்புகளையும் காக்க வைக்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நிற்கும். கணினியின் மூளையான செயலியோ (பிராசஸர்) பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்கும். இதற்கான காரணம் எளிய கணக்கு. லேப்டாப் ஹார்டு டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம் வாசிப்பு முனைக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான வட்டத்துக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடி ஆகும். ஆகச் சிறு துண்டு ஒன்றை எடுத்துவர ஏறத்தாழ 17 மில்லிவிநாடி. விநாடிக்கு அறுபது முறைக்கு மேல் அதனால் ஓட முடியாது. விண்டோஸ் எழுந்து நிற்பதற்கோ இப்படிப்பட்ட சிறு துண்டுகள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன, அவை தட்டின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கின்றன.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி தகவலைச் சில்லுகளில் சேமிக்கிறது; அதில் சுழல்வதும் நகர்வதும் எதுவுமில்லை. எந்த மூலையில் இருக்கும் தகவலும் ஒரு மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே வந்துவிடும். நான்கு நிமிடத்தை அரை நிமிடமாகச் சுருக்குவது இந்த ஒரு மாற்றம்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அங்கே நமக்குக் காட்டப்படும் எண்கள் வேறு.

அட்டைப்பெட்டியில் ஒரு எஸ்எஸ்டிக்கு விநாடிக்கு 550 எம்பி (மெகாபைட்) என்றும், இன்னொன்றுக்கு 3,500 எம்பி என்றும், அடுத்ததற்கு 7,000 எம்பி என்றும் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். முதலாவது, கணினியுடன் இணையும் பழைய முறையான சாட்டா வகை. மற்ற இரண்டும் 2011இல் வரையறுக்கப்பட்ட, அதைவிட வேகமான என்விஎம்இ முறையில் இயங்குபவை. எண்கள் பொய்யல்ல. ஆனால் ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம் அது. கணினி தொடங்கும்போதும் வேர்டு திறக்கும்போதும் நடப்பது சிறு துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேலை. அந்த வேலையில் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு ஒரு எம்பியைக்கூட எட்டாது. சாட்டா எஸ்எஸ்டி முப்பது, நாற்பது எம்பி கொடுக்கும். நல்ல என்விஎம்இ ஐம்பது முதல் எழுபது வரை கொடுக்கும். பெட்டியில் ஆறு மடங்காகத் தெரியும் வித்தியாசம் அன்றாட வேலையில் இரண்டு மடங்கைத் தாண்டுவதில்லை. ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த நேர்மையான எஸ்எஸ்டிக்கு மாறினாலும் பெரும் பாய்ச்சல் கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் வேகத்துக்காகக் கொடுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயையும் கொள்ளளவுக்கோ ரேமுக்கோ உத்தரவாதத்துக்கோ கொடுப்பது மேல் என்பதே என் உறுதியான கருத்து.

மேலும், எதை வாங்கலாம் என்பதை முதலில் முடிவு செய்வது நீங்கள் அல்ல, உங்கள் லேப்டாப். 2015க்கு முந்தைய பெரும்பாலான கணினிகளில் இரண்டரை அங்குல ஹார்டு டிஸ்க் உட்காரும் இடம் மட்டுமே உண்டு; அதில் சாட்டா எஸ்எஸ்டிதான் பொருந்தும். அதன் பிறகு வந்த பலவற்றில் எம்.2 என்ற ஒல்லியான செருகுதளமும் சேர்ந்தது. பலர் ஏமாறுவது இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. சில லேப்டாப்புகளின் எம்.2 தளம் சாட்டாவை மட்டும் ஏற்கும், சிலது என்விஎம்இயை மட்டும் ஏற்கும், சிலது இரண்டையும் ஏற்கும். பொன் நிறத் தொடுமுனைகளில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் என்விஎம்இ. நீளமும் மாறும்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், 2242, 2230 என்பவை குட்டையானவை. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேட்டைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள். மிக மலிவான சில லேப்டாப்புகளில் சேமிப்பகம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் கழற்றி மாற்ற ஒன்றுமில்லை.

2011ஆம் ஆண்டு வாக்கில் வந்த கணினிகளில் சாட்டாவின் வேகம் பாதியாக, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 280 எம்பியாக அடங்கிவிடலாம். அதனால் கவலைப்பட வேண்டாம். காத்திருக்கும் நேரம் குறைவதுதான் நமக்கு வேண்டும், அது அங்கேயும் அப்படியே கிடைக்கும்.

இனி உள்ளே இருக்கும் சங்கதி. எஸ்எஸ்டியின் தரத்தைத் தீர்மானிப்பது, ஒரு நுண்ணறைக்குள் தகவலின் மிகச் சிறிய அலகான பிட்டுகள் எத்தனையைத் திணிக்கிறார்கள் என்பதுதான். ஜப்பானின் தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா 1987இல் அறிமுகப்படுத்திய நாண்டு ஃபிளாஷ் நினைவகத்தின் வழித்தோன்றல்கள்தான் இவை எல்லாம். மின்னூட்டத்தை அறைக்குள் சிறைப்பிடித்து, அதன் அளவை அளந்து தகவலாகப் படிக்கிறார்கள். ஒரு அறையில் ஒரு பிட் என்றால் ‘உண்டு, இல்லை’ என இரண்டு நிலைகளைப் பிரித்தறிந்தால் போதும். டிஎல்சி என்னும் மூன்று பிட் வகையில் எட்டு நிலைகள். கியூஎல்சி என்னும் நான்கு பிட் வகையில் பதினாறு. அதே சிறு அறைக்குள் பதினாறு படிகளைத் துல்லியமாக எழுத நேரம் கூடுகிறது, அறையும் சீக்கிரம் தேய்கிறது. விலை குறைகிறது என்பது மட்டுமே அதன் நன்மை.

இந்த மந்தத்தை மறைக்கத் தயாரிப்பாளர்கள் நல்ல உத்தி ஒன்றை வைத்திருக்கிறார்கள். காலியாக உள்ள அறைகளில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக ஒரு பிட் முறையில் பயன்படுத்தி, வருவதை எல்லாம் முதலில் அங்கே வேகமாக வாங்கிவைத்துக்கொள்கிறார்கள். ஓய்வு கிடைக்கும்போது நிதானமாக உரிய இடத்தில் அடுக்கிக்கொள்வார்கள். வீட்டு முன்றில் (முற்றம்) போன்ற அந்தத் தற்காலிக இடம் நிரம்பும்வரை எந்தக் குறையும் தெரியாது. நிரம்பிய பின் உண்மை வேகம் வெளிப்படும். சாம்சங் தன் 870 கியூவிஓ 1 டிபி (டெராபைட்) எஸ்எஸ்டிக்குத் தானே வெளியிட்ட விவரத்தைப் பாருங்கள்: எழுதும் வேகம் விநாடிக்கு 530 எம்பி, ஆனால் ஏறத்தாழ 42 ஜிபி எழுதி முடித்தபின் அது 80 எம்பி. பல ஹார்டு டிஸ்க்குகள்கூட அதைவிட வேகமாக எழுதும்.

இது உங்களுக்குப் பொருட்டா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. என் அக்கா மகள் ஒரே மூச்சில் 42 ஜிபி எழுதப்போவதில்லை. அவளுக்குக் கியூஎல்சி போதும் என்றே சொல்லலாம். முகூர்த்த நாளில் இரண்டு கேமராக்களின் 128 ஜிபி கார்டுகளை இரவோடிரவாகக் கணினிக்கு மாற்ற வேண்டிய வீடியோ ஸ்டுடியோக்காரருக்கு அது தினசரித் துன்பமாகிவிடும். அவர் டிஎல்சிக்குக் கீழே இறங்கவே கூடாது.

வேகமான அந்த முன்றில் காலி இடத்திலிருந்துதான் உருவாகிறது என்பதால், டிஸ்க் நிரம்ப நிரம்ப அது சுருங்கும். ஐந்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக வைத்திருக்க வேண்டும். இதனால்தான் 240 ஜிபி வாங்குவதை நான் தவிர்க்கச் சொல்கிறேன். விண்டோஸ் கணக்கிடும் முறையில் 240 என்பது 223 ஆகத்தான் தெரியும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டால் மீதி 180க்குள். இயங்குதளம், அதன் புதுப்பிப்புகள், அலுவலக மென்பொருள் எல்லாம் போக ஒரு மாணவியின் நான்காண்டுப் பாடங்களுக்கும் படங்களுக்கும் இடம் நெருக்கும். 480 அல்லது 500 ஜிபி வாங்கக் கூடுதலாகும் பணம் மூன்று ஆண்டு நிம்மதிக்கான பணம்.

சரி, உள்ளே டிஎல்சியா கியூஎல்சியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் அதை எழுதுவதில்லை. எழுதினாலும் அது நிலையாக இருக்கும் என்ற உறுதியில்லை. 2021இல் குரூஷியல் பி2 எஸ்எஸ்டி அதே பெயரில் டிஎல்சியிலிருந்து கியூஎல்சிக்கு மாறியது வெளியே வந்தது. அதே ஆண்டு வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்550இல் நினைவகத்தை மாற்றியதால், வேக முன்றில் நிரம்பிய பின் எழுதும் வேகம் முன்பைவிடக் குறைந்தது. அந்த நிறுவனம் மாற்றத்தை ஒப்புக்கொண்டு, இனி வெளியிட்ட விவரங்களைப் பாதிக்கும் மாற்றம் எதையும் புதிய மாடல் எண்ணுடனேயே செய்வதாக உறுதி கூறியது. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் பல விமர்சனங்களைப் படித்து, விலை ஒப்பிட்டு, காசை எண்ணி வாங்குபவர்தான் இதில் நஷ்டப்படுகிறார்.

ஆனாலும் தயாரிப்பாளரால் எளிதில் மழுப்ப முடியாத இரண்டு எண்கள் உண்டு: உத்தரவாத ஆண்டுகள், உத்தரவாதத்துக்கு உட்பட்டு எழுதக்கூடிய மொத்த அளவு. இரண்டாவதை டிபிடபிள்யூ என்று குறிப்பார்கள். 240 ஜிபி குரூஷியல் பிஎக்ஸ்500க்கும் கிங்ஸ்டன் ஏ400க்கும் அது 80 டெராபைட், உத்தரவாதம் மூன்றாண்டு. 250 ஜிபி சாம்சங் 870 ஈவோவுக்கு 150 டெராபைட், ஐந்தாண்டு. 1 டிபி அளவில் குரூஷியல் பி3க்கு 220; வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்570க்கு 600. முன்னது கியூஎல்சி, பின்னது டிஎல்சி. பெட்டி வாய் திறக்காவிட்டாலும் இந்த எண் சொல்லிவிடுகிறது.

80 டெராபைட் என்பதைக் கண்டு பயப்படவும் வேண்டாம். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினால்கூட, அது ஒரு மாணவிக்கு மிக அதிகம், அந்த அளவைத் தொட 4,000 நாள், அதாவது பதினோரு ஆண்டு ஆகும். ஒரே கொள்ளளவுள்ள இரண்டை ஒப்பிடும்போது, தயாரிப்பாளருக்குத் தன் சரக்கின்மேல் எவ்வளவு நம்பிக்கை என்பதைக் காட்டும் அளவுகோலாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தத் தகவல் எந்த அறையில் இருக்கிறது என்ற பெரிய அட்டவணை ஒன்றை எஸ்எஸ்டி ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கிறது. 1 டிபிக்கு அது ஏறத்தாழ 1 ஜிபி அளவு வரும். விலை கூடிய எஸ்எஸ்டிகளில் இதற்கெனத் தனியாக டிரேம் என்னும் வேக நினைவகச் சில்லு உண்டு. மலிவானவற்றில் இல்லை. அவற்றில் என்விஎம்இ வகை கணினியின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். சாட்டாவுக்கு அந்த வசதியும் இல்லை. இவற்றில் எதுவானாலும், அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் சட்டென்று நின்றால் அது சிதையலாம். சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் அந்தக் கணத்தைத் தாங்கச் சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். நாம் வாங்கும் விலையில் அவை கிடையாது.

லேப்டாப்புக்குத்தான் பேட்டரி இருக்கிறதே என்பீர்கள். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் பழைய மடிக்கணினிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பேட்டரி எப்போதோ செத்திருக்கும், அடாப்டர் ஒயரில் மட்டும் ஓடும். கோடை மழைக்கு முந்தைய காற்றில் மின்சாரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்வரும் மாலையில், ஒவ்வொரு தடவையும் அந்தக் கணினி தலையில் அடிபட்டதுபோல அணைகிறது. புதிய எஸ்எஸ்டி ஒரே மாதத்தில் ‘போய்விட்டது’ என்று என்னிடம் வந்த மூன்றில் இரண்டு, இப்படி ஓடிய கணினிகளில் இருந்தவை. எனவே பேட்டரி செத்த லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி வாங்கும்போது பேட்டரிச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முடியாதென்றால் வீட்டில் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பிளக்கில் மட்டும் பயன்படுத்துங்கள்.

அதே சமயம் நம் சாலைகளுக்கு எஸ்எஸ்டிதான் பொருத்தம். முழுதாக அணைக்காமல் பையில் திணித்த லேப்டாப்புடன் மஞ்சவாடிக் கணவாயின் வளைவுகளிலோ தொப்பூர் இறக்கத்திலோ பஸ் குலுங்கும்போது, சுழலும் தட்டும் அதன்மேல் மயிரிழை உயரத்தில் மிதக்கும் முனையும் மோதிக்கொள்ள வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் மோத எதுவுமில்லை.

எங்கே வாங்குவது? ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு பெங்களூருவின் கணினிச் சந்தையான எஸ்.பி. ரோடு ஒரு பஸ் பயணம்தான். அங்கே விலை குறையும் என்பதும் உண்மை. ஆனால் ஜிஎஸ்டி பில் இல்லாமல், இந்திய உத்தரவாதம் இல்லாமல் கிடைக்கும் குறைந்த விலை எனக்கு வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் புதியது என்று வாங்கி வந்த எஸ்எஸ்டியைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தபோது, அது ஏற்கெனவே ஆறாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடியிருப்பது தெரிந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால் பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அன்றிலிருந்து பில்லில் வரிசை எண் எழுதாமல் நான் வாங்குவதில்லை. வாங்கிய அன்றே அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபார்த்து, ஓடிய நேரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுகிறேன். பழுதானால் எந்த ஊரில் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் அதிகமானாலும், நாளை முகம் பார்த்துப் பேசக்கூடிய உள்ளூர்க் கடையை நான் விரும்புவதற்கு இதுவும் காரணம்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு 16 டிபி என்று விற்கப்படும் வெளிப்புற எஸ்எஸ்டிகள் மோசடி. உள்ளே ஒரு சிறு மெமரி கார்டு இருக்கும். கணினிக்குப் பெரிய எண்ணைக் காட்டி ஏமாற்றும். நிரம்பியபின் எழுதுவதெல்லாம் காற்றில் போகும்.

விலைகளை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் 2025இன் இறுதியிலிருந்து ரேமும் எஸ்எஸ்டியும் ஏறிவிட்டன. இன்று எழுதும் விலை அடுத்த வாரம் பொய்யாகிவிடும். 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது. சிக்கன விலைக்குப் பெயர்பெற்ற அந்தப் பெயர் கடை அலமாரியிலிருந்து மறைவது நம்மைப் போன்றவர்களுக்கு இழப்பு.

செலவழிப்பதற்கு முன் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் பெரும்பாலானவை தகுதிப் பட்டியலில் இல்லை. அப்படிப்பட்ட கணினிக்கு எஸ்எஸ்டி போடுவது வீணா? என் பதில்: இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் வீணில்லை. ரேம் 4 ஜிபிக்குக் குறைவாக இருந்து, கூட்டவும் வழியில்லை என்றால் வீண்.

அக்கா மகளின் கணினியில் இரண்டரை அங்குல இடம் மட்டும்தான் இருந்தது. ஐந்தாண்டு உத்தரவாதமுள்ள 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றும், காலியாக இருந்த ரேம் தளத்துக்குக் கூடுதலாக 4 ஜிபியும், ஒரு பேட்டரியும் வாங்கினோம். பழையதை அப்படியே நகல் எடுக்காமல் லினக்ஸ் மின்ட்டைப் புதிதாக நிறுவினேன். பல ஆண்டுக் குப்பையையும் வைரஸையும் புது வீட்டுக்குத் தூக்கிப்போவானேன்? இப்போது அது எழுந்து நிற்க 26 விநாடி.

கழற்றிய ஹார்டு டிஸ்க்கைச் சோதித்ததில் பழுதடைந்த பகுதி எதுவும் தென்படவில்லை. ஒரு யுஎஸ்பி உறையில் அதைப் போட்டுக் கொடுத்தேன். ஹார்டு டிஸ்க் சாகும்முன் கரகரவென்று சத்தம் எழுப்பிப் பல தடவை எச்சரிக்கும். எஸ்எஸ்டி பெரும்பாலும் சொல்லாமல் போய்விடும், அதிலிருந்து கோப்புகளை மீட்பதும் கடினம். மின்சாரமே இல்லாமல் பீரோவில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதில் சிறைப்பட்ட மின்னூட்டமும் மெல்லக் கசியும். அதனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த உறையைச் செருகி, பாடக் குறிப்புகளையும் செய்முறைப் பதிவுகளையும் அதில் நகல் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணனின் பள்ளி ஆண்டு விழாப் படங்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன.